செங்கோலும் சுற்றமும்

நல்லூர் முத்திரைச் சந்தியிலே வாளேந்திக் குதிரைமீது வீற்றிருக்கும் சங்கிலியன் சிலையைக் கடந்து செல்வோர் பலர். 1974 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று 2011 இல் புதுப்பிக்கப்பெற்ற அச்சிலையை, அந்நியராட்சிக்கு அடிபணிய மறுத்த மன்னனொருவனின் நினைவாகவே யாழ்ப்பாண மக்கள் போற்றி வருகின்றனர். அப்போற்றுதலிற் குறைகாண்பதற்கு எதுவுமில்லை. ஆயினும், அம்மன்னனின் வாள் முதன்முதலில் நனைந்தது அந்நியரின் குருதியிலன்று, அவனுடைய சுற்றத்தாரின் குருதியிலேயே என்பதையும் வரலாறு மறைத்துவிடவில்லை. நாட்டைக் காக்க நின்ற ஒருவன் தன் வீட்டாரைக் கொன்றவனுமாயின் அவனை எவ்வாறு மதிப்பது? பின்னர் புரிந்த வீரச்செயல் முன்னர் புரிந்த கொலையைக் கழுவுமா? அன்றி, அரசியலுக்கு ஓரறமும் குடும்பத்துக்கு ஓரறமும் என இருவேறு அறங்கள் உளவா? யாழ்ப்பாண அரசின் இறுதி நூற்றாண்டை நோக்கும் எவரும் இவ்வினாக்களைத் தவிர்த்துச் செல்லுதல் அரிது.

சங்கிலி என்னும் பெயர்பூண்டோர் இருவர் யாழ்ப்பாணத்தை ஆண்டனர் என்பது முதலில் மனங்கொளற்பாலது. ஒருவன் 1519 அளவில் அரசெய்தி நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஆண்டவன். மற்றவன் 1617 இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1619 இல் போர்த்துக்கேயரிடம் அதனை இழந்தவன். இருவருக்குமிடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தது. எனினும், 18 ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியபோது இவ்விருவரும் ஒருவராகவே ஆகிவிட்டனர். பிற்காலத்திற் சுவாமி ஞானப்பிரகாசர் முதலானோரே போர்த்துக்கேய ஆவணங்களோடு ஒப்புநோக்கி இருவரையும் வேறுபிரித்துக் காட்டினர். புலவரின் மயக்கத்தை வெறும் வரலாற்றுப் பிழையென ஒதுக்கிவிடலாம். ஆயின் அதனுள் வேறொரு செய்தியும் உண்டு. பெயர் ஒன்றாயிருந்தமை மட்டும் அம்மயக்கத்துக்குக் காரணமன்று. இருவரும் அரசுகட்டிலை அடைந்த வழியும் ஒன்றாகவே இருந்தது. மக்கள் நினைவு ஆண்டுகளைக் கணக்கிட்டு வைப்பதில்லை, செயல்களையே வைத்திருக்கின்றது. ஒரே செயல் இருமுறை நிகழ்ந்தபோது அது ஒருவன் செயலாகவே நினைவில் நிலைத்தது போலும்.

வைபவமாலை கூறும் கதை இது. பரராசசேகர மன்னனுக்குப் பட்டத்தரசியான சோழர்குலப் பெண்ணிடத்திலே சிங்கவாகு, பண்டாரம் என்னும் மைந்தர் இருவர் பிறந்தனர். இரண்டாம் மனைவியின் மக்களுள் மூத்தவன் பரநிருபசிங்கன். மங்கத்தம்மாள் என்னும் காமக்கிழத்தியிடத்துப் பிறந்தவனே சங்கிலி. மூத்தவனான சிங்கவாகு நஞ்சூட்டப்பட்டு இறந்தான். அடுத்துப் பட்டத்துக்குரியவனான பண்டாரம் வாளுக்கிரையானான். மருத்துவத்தில் வல்லவனாகிய பரநிருபசிங்கன் கண்டி அரசியின் நோயைத் தீர்க்கச் சென்றிருந்த வேளையிலே சங்கிலி அரசைத் தன்வயப்படுத்திக்கொண்டான். நோய் தீர்க்கும் மகன் அயல்நாட்டில் மருந்து அரைத்துக்கொண்டிருக்க, நஞ்சு கொடுத்த மகன் உள்நாட்டில் முடி சூடிக்கொண்டான் என்னும் இம்முரண், கதைகட்டியோரின் கைவண்ணமோ உண்மை நிகழ்ச்சியோ, நெஞ்சை விட்டு அகலாதது. மைந்தர் பிறந்த வயிற்றின் தரத்தைக்கொண்டே அவரவர் குணத்தை விளக்க முற்படும் வைபவமாலையின் நோக்கு இன்று ஏற்புடையதன்று. பட்டத்தரசியின் வயிற்றிற் பிறந்தோரும் உடன்பிறந்தாரைக் கொன்றதற்கு உலக வரலாற்றிற் சான்றுகள் மிகப் பல. சங்கிலி கொலை புரிந்தது தாயின் நிலையாலன்று. அந்நிலை காரணமாக அரசுரிமை மறுக்கப்பட்டவன் அதனைப் பறித்தற்கு வேறு வழி காணாமையாலாகலாம். இது விளக்கமாகுமேயன்றி நியாயமாகாது.

இவ்வாறான செயல் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. முதலாம் சங்கிலி அரசேறிய ஈராண்டில், அதாவது 1521 இல், கோட்டை அரசிலே விசயபாகு மன்னனை அவனுடைய மைந்தர் மூவரும் ஒன்றுகூடிக் கொல்வித்து நாட்டை மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டனர். துருக்கியரின் உதுமானியப் பேரரசிலோ உடன்பிறந்தாரைக் கொல்லுதல் சட்டமாகவே இருந்தது. 1595 இல் அரசேறிய மூன்றாம் முகம்மது தன் சகோதரர் 19 பேரைக் கொல்வித்தான். உலகின் ஒழுங்கைக் காப்பதற்கு இது வேண்டும் என்பதே அச்சட்டத்தின் நியாயம். குற்றமென மறைத்துச் செய்வதற்கும் கடமையென அறிவித்துச் செய்வதற்கும் இடையே எது கொடிது என்பது எளிதில் விடைகாணற்குரிய வினாவன்று. மறைத்துச் செய்பவனிடம் நாணமேனும் எஞ்சியிருக்கின்றது.

ஐரோப்பாவின் நிலையும் வேறன்று. 15 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரசர்களை ஆக்கியும் அழித்தும் வாழ்ந்த வாரிக் பிரபுவாகிய றிச்சாட் நெவிலின் வாழ்க்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நான்காம் எட்வேட் மன்னனின் தாய் அவனுக்கு அத்தைமுறையினள். மைத்துனன்முறையினனான அம்மன்னனை அரியணையேற்றியவனும் அவனே. பின்னர் துரத்தியவனும் அவனே. மூத்த மகள் இசபெலை 1469 இல் மன்னனின் தம்பிக்கு மணம்முடித்தான். அக்கூட்டினாற் பயன் விளையாமையின், இளைய மகள் ஆனை மறுவாண்டே எதிரணி இளவரசனுக்கு மணம்பேசினான். 1471 இல் பார்ணற் போர்க்களத்தில் அவன் மாண்டபோது ஒரு மகள் வென்றவர் பக்கத்திலும் மற்றவள் தோற்றவர் பக்கத்திலும் நின்றனர். உயர்குடியிலே திருமணம் உறவைப் பெருக்குதற்கு ஏற்பட்டதன்று, படையைப் பெருக்குதற்கே என்பதை வாரிக்கின் குடும்பம் காட்டுகின்றது. படைக்கலமாகிவிட்ட உறவு, படைக்கலத்தைப் போலவே கைமாறவும் கூடும்.

இனி இரண்டாம் சங்கிலியை நோக்குவோம். 1591 இல் அந்தறே பூர்த்தாடோவின் படை நல்லூரைத் தாக்கி அரசனைக் கொன்றபின் போர்த்துக்கேயரால் அரசுகட்டிலில் இருத்தப்பட்டவன் எதிர்மன்னசிங்கன். மேலோட்டமாகப் பார்ப்போர் அவனைக் கைப்பொம்மை என்பர். ஆயின் போர்த்துக்கேயரின் ஐயத்துக்கு இலக்காகிக்கொண்டே கால் நூற்றாண்டு காலம் அரசைக் கட்டிக்காத்தமை சிறிய செயலன்று. சைவத்தைக் கைவிடாமலும், கண்டியோடும் தென்னிந்தியாவோடும் தொடர்பை முறித்துக்கொள்ளாமலும் அவன் நடந்துகொண்டான். வளைந்து நின்றவனுக்குச் சிலையில்லை. 1617 அளவில் அவன் இறந்தபோது பட்டத்துக்குரிய மைந்தன் சிறு குழந்தை. மன்னனின் சகோதரனாகிய அரசகேசரி குழந்தையின் பெயரால் ஆட்சிநடத்த வேண்டியவனானான். மறைந்த மன்னனின் மருமகன்முறையினனாகக் கூறப்படும் சங்கிலிகுமாரன் அரசகேசரியையும் அரச குருதியுடைய ஏனைய இளவரசரையும் கொன்று, குழந்தையை மட்டும் விட்டுவைத்து, அதன் பாதுகாவலனாகத் தன்னை நிறுவிக்கொண்டான்.

அரசகேசரி என்னும் பெயர் தமிழிலக்கியம் பயின்றோருக்குப் புதியதன்று. காளிதாசரின் இரகுவம்சத்தைத் தமிழில் தந்த புலவன் அப்பெயரினன். அவனைப் பரராசசேகரனின் மருகனென மரபு கூறும். எதிர்மன்னசிங்கனுக்கும் பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர் இருந்தது. மருகன் என்னுஞ் சொல் மகளின் கணவனையும் உடன்பிறந்தாளின் மகனையும் குறிக்குமாதலின் உறவு இன்னதெனத் துணிதற்கு அச்சொல் மட்டும் போதாது. கொலையுண்ட அரசகேசரியும் நூலியற்றிய அரசகேசரியும் ஒருவரே என்று கொள்வோர் பலர். அவ்வாறாயின், குலமொன்றின் தொடர்ச்சியைப் பாடிய புலவன் குலப்பகையால் மாண்டான் என்பதாகும். தந்தை மகனுக்கும் மகன் பெயரனுக்கும் முறைவழாது அரசைக் கையளித்துவிட்டுக் காடேகும் இரகுகுலத்தின் கதையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவன் நல்லூர் அரண்மனையில் தன்னைச் சுற்றி நடப்பவற்றைக் காணாதிருந்திருப்பானா?

இரண்டாம் சங்கிலிக்குச் சார்பாகச் சொல்லப்படும் வாதங்கள் பலவாயினும் அவற்றுள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை இரண்டே. அரசன் தனிமனிதனல்லன், அவன் செயலைக் குடும்ப அறத்தால் அளத்தல் பொருந்தாது என்பது முதலாவது. இவ்வாதம் அர்த்தசாத்திர காலத்துப் பழமையுடையது. இன்றும் வேறு பெயர்களில் உலவிவருவது. ஆயின் தமிழ் மரபு இதனை முழுதும் ஏற்றுக்கொண்டதாகக் கூறமுடியாது. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது கோவூர்கிழார் இருவரையும் நோக்கிச் சொன்னது யாது? இருவர் அணிந்த கண்ணியும் ஆத்தி; எவர் தோற்பினும் தோற்பது உம் குடியே என்பதாகும். தன் மக்களுடன் போருக்கெழுந்த கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தமை இன்னும் நுட்பமானது. நீ தோற்றால் பகைவர் மகிழ்வர். நீ வென்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச்செல்வாய் என்று அவர் வினவினார். அப்புலவர்கள் அரசியலை அறியாதவரல்லர். அரசன் குடும்பத்தினின்றும் வேறானவன் என்னும் கோட்பாட்டையே அவர்கள் மறுத்தனர். பரம்பரையுரிமையால் அரசுபெறுபவன் பரம்பரையை அழித்தற்கு உரிமையுடையவனாதல் எங்ஙனம்? மன்னனின் மருகனாதலினாலேயே சங்கிலி அரசுக்கு உரிமை கொண்டாடமுடிந்தது. உரிமை வேண்டும்போது உறவையும், கொல்ல வேண்டும்போது அரசதருமத்தையும் கைக்கொள்வது முறையாகாது.

இரண்டாவது வாதம் வலிமை மிக்கது. கொல்லப்பட்ட இளவரசர்கள் போர்த்துக்கேயரின் கருவிகளாகியிருப்பர், அவர்களை அகற்றாவிடின் நாடு அன்றே பறிபோயிருக்கும் என்பது அது. இதனை எளிதிற் புறந்தள்ளல் இயலாது. முதலாம் சங்கிலியின் காலத்திலேயே அரசுரிமை தனக்கே உரியதென்ற அவனுடைய சகோதரன் ஒருவன் உயிருக்கஞ்சி வெளியேறிப் போர்த்துக்கேயரை அடைந்து, தன்னை அரசனாக்கினாற் கிறித்தவனாவதாக வாக்களித்தான். 1544 இல் மன்னாரில் கிறித்தவர் பலரைச் சங்கிலி கொல்வித்தபின், புனித பிரான்சிஸ் சேவியர் யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுப்பை எதிர்பார்த்திருந்தபோது அந்தச் சகோதரனும் அத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தான். 1560 இல் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சாவின் படை நல்லூரைப் பிடித்தபோது சங்கிலியின் மகன் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டான். கோவாவில் இருக்கும் ஓர் இளவரசன் கப்பலேறிய படையொன்றுக்குச் சமம் என்பதைப் போர்த்துக்கேயர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆயின், முன்னது எது பின்னது எது என்பதைக் காண்டல் வேண்டும். சகோதரன் கோவாவுக்குச் சென்றமையாற் சங்கிலி பகைத்தானா, சங்கிலி கொல்லமுற்பட்டமையால் அவன் சென்றானா? சேவியரின் கடிதம் பின்னதையே உணர்த்துகின்றது. வீடணன் செய்தது அறமா, கும்பகருணன் செய்தது அறமா என்பது யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் தீராத வழக்கு. உண்ட சோற்றுக்கு உயிர்கொடுப்பவனையும் அறத்துக்காக உறவைத் துறப்பவனையும் எதிரெதிர் நிறுத்தித் தீர்ப்புக் கூறுதல் மேடைக்கு இனிது. ஆயின் சங்கிலியின் சகோதரன் இவ்விருவருள் எவனுமல்லன். அவனுக்கு உண்ட சோறு நஞ்சாகும் அபாயம் இருந்தது. தன்னைக் கொல்லத் தேடுபவனுக்கு ஒருவன் எவ்வளவு காலம் கடமைப்பட்டிருத்தல் கூடும்? உறவு என்பது இருபாலும் பற்றிநிற்கும் கயிறு. ஒருவன் தன் பக்கத்தை அறுத்தெறிந்தபின் மற்றவன் கையிலிருப்பது கயிற்றின் துண்டேயன்றி உறவன்று. நாட்டின்மேல் அந்நியப்படையை ஏவும் உரிமை அவனுக்கு இருந்தது என்பது இதன் பொருளன்று. குடிமக்கள் அவனுக்கு எவ்விதத் தீங்கும் இழைக்கவில்லை. தமையனுக்கிருந்த கடன் தீர்ந்தாலும் நாட்டுக்கிருந்த கடன் தீரவில்லை என்ற வேறுபாட்டை அவன் காணத் தவறினான். தமையனும் தன்னையே நாடென எண்ணினான். அவனும் தன்னையே நாடென எண்ணினான்.

எதிர்த்தோரெல்லாம் அந்நியரின் அடிவருடிகள் என்ற கூற்றுக்கு மறுப்பாக மிகப்பிள்ளை ஆராச்சியின் வாழ்வே போதும். கத்தோலிக்கனாகிய அவன் 1618 இல் இரண்டாம் சங்கிலிக்கெதிரான கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவன். அதனாற் போர்த்துக்கேயரின் ஆள் எனப் பழிக்கப்படத்தக்கவன். ஆனால் சங்கிலி வீழ்ந்தபின், தஞ்சை நாயக்கரின் துணையோடு போர்த்துக்கேயருக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தோரின் தலைவனாக நின்றவனும் அதே மிகப்பிள்ளைதான். கொலைவழியே அரசேறியவனை எதிர்த்ததும் நாட்டைக் கொண்டவனை எதிர்த்ததும் அவனளவில் முரண்பட்டனவாகத் தோன்றவில்லை. இத்தகையோனைத் துரோகி என்றோ தியாகி என்றோ ஒரு சொல்லில் அடக்கிவிட நினைப்போர் வரலாற்றைப் படிப்பதற்குப் பதிலாகப் பட்டியல் எழுதுகின்றனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. சுற்றத்தைக் கொன்றமையாற் சங்கிலி தனித்துப்போனான், தனித்துப்போனமையால் தோற்றான், ஆகவே கொலை தவறு என வாதிப்போரும் உளர். கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆயின் அவன் வென்றிருந்தாற் கொலை சரியாகிவிடுமா? மூன்றாம் முகம்மது தோற்கவில்லை. அவனுடைய பேரரசு பின்னும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. விளைவைக்கொண்டு அறத்தை நிறுத்துவோர், விளைவு மாறியதும் அறத்தையும் மாற்ற நேரிடும். அரசகேசரியைக் கொன்றமை தவறாவது 1619 இல் நிகழ்ந்தவற்றாலன்று. ஒருவனை அவன் செய்த குற்றத்துக்காகவன்றி அவன் பிறந்த பிறப்புக்காகவும் இனிச் செய்யக்கூடியது கருதியும் கொல்லுதல் எக்காலத்தும் தவறு. சுற்றத்தானைக் கொல்வது அத்தவற்றின்மேல் இன்னொரு தவற்றையும் ஏற்றுகின்றது: அவன் வாளுக்கருகில் அஞ்சாது இருந்தமைக்குக் காரணமே உறவின்மேல் வைத்த நம்பிக்கையாகும். பகைவன் கவசத்தோடு வருவான். சிற்றப்பன் வெறுமேனியோடு உணவுக்கு வந்தமர்வான்.

குழந்தையை விட்டுவைத்தமை இரக்கத்தினாலா? 1483 இல் இங்கிலாந்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய ஐந்தாம் எட்வேட்டுக்குப் பாதுகாவலனாக நியமிக்கப்பட்ட சிற்றப்பன் மூன்றாம் றிச்சாட்டாகத் தானே முடிசூடினான். சிறுவனும் அவன் தம்பியும் இலண்டன் கோபுரத்திற் காணாமற்போயினர். சங்கிலி அவ்வாறு செய்யவில்லை. ஆயின் போர்த்துக்கேயர் சங்கிலியை அரசனாகவன்றி, குழந்தையின் பிரதிநிதியாகவே 1617 இல் ஏற்றனர் என்பதும் உண்மை. குழந்தையின் உயிர் அவனுடைய பதவிக்குத் தேவைப்பட்டது. உள்நோக்கத்தை அறிதற்கு வழியில்லாத இடத்தில் ஒருவனுக்கு இரக்கத்தின் பெருமையையும் கொடுக்கவேண்டியதில்லை, இரக்கமின்மையின் பழியையும் ஏற்றவேண்டியதில்லை. குழந்தை பிழைத்தது; அவ்வளவே.

சுற்றமற்ற அரசனுக்குத் துணைநின்றோர் யார்? தஞ்சை நாயக்கர் அனுப்பிய வருணகுலத்தான் தலைமையிலான படையும் மலையாளக் கரையின் கடலோடிகளுமே. பின்னையோர் நெடுந்தீவைத் தளமாகக் கொண்டு பாக்குநீரிணையிற் போர்த்துக்கேயரின் கப்பல்களைத் தாக்கினர். 1619 இல் கடல்வழி வந்த போர்த்துக்கேயப் படையைத் திருப்பியவர்களும் அவர்களே. நாட்டின் வீழ்ச்சி பிலிப்பு த ஒலிவேறா தரைவழி கொண்டுவந்த பெரும்படையால் நேர்ந்தது. தன் குருதியினரைக் கொன்றவனுக்காக, குருதித்தொடர்பு சிறிதுமில்லாத கடலோடிகள் தீவுக்கடலிலே போரிட்டனர் என்பது சிந்தனைக்குரியது. அவர்கள் அவன்மேற்கொண்ட அன்பினால் வந்தனர் என்று கொள்ளல் பேதைமை. அவரவர்க்கு அவரவர் பகை இருந்தது.

தீவுகளை நினைக்குந்தோறும் இன்னொரு சான்றும் நினைவுக்கு வருகின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு 12 ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. ஊராத்துறை என அதிற் கூறப்படுவதே இன்றைய ஊர்காவற்றுறை. அத்துறைக்கு வரும் பரதேசிகள் பாதுகாக்கப்படல் வேண்டும் என்றும், யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று கூறு உடையவனுக்கும் சேரும் என்றும், வாணிகச் சரக்கேற்றிய கலங் கெட்டாற் செம்பாகம் பண்டாரத்துக்கும் செம்பாகம் உடையவனுக்கும் சேரும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் வரவேண்டும் என்ற அரசின் தன்னலம் இதனுள் உண்டு என்பது வெளிப்படை. எனினும், உடைந்த கலத்தின் சொந்தக்காரன் பெயர் தெரியாத பிறநாட்டான். கரையொதுங்கிய பொருளை முழுதும் எடுத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. அந்நிலையிலும், அகப்பட்டதெல்லாம் தனதன்று என்று ஓரரசு கல்லிற் பொறித்தது. ஊர்காவற்றுறையில் ஒதுங்கிய அந்நியனின் பொருளுக்குக் கிடைத்த அளவு பாதுகாப்பும் நல்லூர் அரண்மனையிற் பிறந்த இளவரசனின் உயிருக்குக் கிடைக்கவில்லை. அந்நியனைப் பொறுத்தவரை எல்லையை வகுத்துக் கல்லில் வெட்டினர். உறவினனைப் பொறுத்தவரை அன்பு இருக்கின்றது, எல்லை எதற்கு என்று விட்டுவிட்டனர் போலும். மூத்தவனா, பட்டத்தரசி மகனா, வல்லவனா என்று அரசுரிமைக்கு ஐயமற்ற விதியொன்று வகுக்கப்படாத வீட்டில், பிறக்கும் ஒவ்வோர் ஆண்மகவும் தமையனுக்கு ஓர் அச்சமாகவே பிறக்கின்றது. அரசில்லாத வீடுகளிலும் முதுசக் காணிக்கு எல்லைக்கல் நாட்டாது தந்தை இறந்தபின் சகோதரர் நீதிமன்றேறுவதைக் காண்போர் இதனை அரசர் கதையென்று மட்டும் படிக்கமாட்டார்.

1619 இல் சங்கிலியும் அரச குடும்பத்திற் பிழைத்திருந்தோரும் சிறைப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சங்கிலி அங்கு மரணதண்டனை பெற்றான். எஞ்சியோர் கிறித்தவராக்கப்பட்டுத் துறவிகளாகவும் கன்னியராகவும் வாழத் தூண்டப்பட்டனர். அரசுரிமை கோருதற்கு இனியொரு பிள்ளை பிறவாதிருத்தற்கு இதனினும் அமைதியான வழி இல்லை. எதிர்மன்னசிங்கனின் மைந்தனும் கொன்ஸ்தந்தீனு என்னும் பெயர்பெற்றுப் பிரான்சிஸ்கன் சபைத் துறவியானான். வாளாற் பாதியளவு முடிந்திருந்த வேலையை வென்றவர் செபமாலையால் முடித்தனர். தமையனே அரசாள்க எனத் தானே விரும்பித் துறவுபூண்ட இளங்கோவின் கதையைத் தமிழர் பெருமையோடு சொல்வர். கொன்ஸ்தந்தீனுவுக்கு அவ்வாறு விட்டுக்கொடுப்பதற்குத் தமையனும் இருக்கவில்லை, அரசும் இருக்கவில்லை.

அரண்மனைக் கதைகள் இவ்வாறிருக்க, தீவுகளில் வழங்கும் கதை வேறுவிதமானது. நெடுந்தீவை ஆண்ட குறுநிலத் தலைவனாக வெடியரசனைக் கண்ணகி வழக்குரை சார்ந்த கதைமரபு காட்டும். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடல்கடந்து வந்த மீகாமனோடு பொருது வெடியரசன் சிறைப்பட்டான். தமையன் பிடிபட்டான் என்றறிந்த தம்பியர் அவனுடைய இடத்தில் அமர எண்ணவில்லை. வீரநாராயணன் அவனுக்காகப் போரிட்டு மாண்டான். விளங்குதேவன் பின்தொடர்ந்து பொருதான். இவர்கள் வாழ்ந்த காலத்தை வரையறுக்க வரலாற்றாசிரியருக்குச் சான்றில்லை. மீகாமனும் நாகமணியும் கதையுலகத்துக்குரியவர். எனினும், எந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவைத்திருக்கின்றனர் என்பதும் ஒரு சமூகத்தைப் பற்றிய சான்றே. ஒரே தோணியில் அண்ணனும் தம்பியும் கடலுக்குச் செல்லும் ஊரில் தமையனின் இருக்கையைப் பறித்த தம்பியின் கதை நெடுங்காலம் வாழ்ந்திருத்தல் அரிது. நெடுந்தீவின் மேற்குப் புறத்திலே முருகைக்கற்களாலான சிதைவுகள் சில உள்ளன. தொல்லியலாளர் அவற்றைப் பௌத்த தூபிகளின் அடித்தளங்கள் என்பர். ஊரார் அவ்விடத்தை வெடியரசன் கோட்டை என்றே இன்றும் அழைத்து வருகின்றனர்.